அரைக் கிலோ தக்காளிக்கு ஐப்பசி விதைப்பு

வாசகர் கேள்வி பதில்: வீட்டுத் தோட்டம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரிய தக்காளியைப் பற்றியவை. பாக்கெட்டில் இருந்த படத்தை நம்பி விதை வாங்கி, ஆளுயரச் செடி வளர்த்து, கடைசியில் இலையை மட்டும் பார்த்தவர்கள் எழுதியவை. பதில்கள் நெல்லைச் சீமையின் வெயிலையும் மழையையும் கணக்கில் வைத்துச் சொன்னவை. ஓசூரில் இருக்கும் உறவினருக்கு இதை அப்படியே அனுப்பாதீர்கள். அங்கே கணக்கு வேறு.

*

பீஃப்ஸ்டேக் (பெரிய பழம் தரும் தக்காளி) என்று போட்டிருந்த விதையை வைகாசியில் விதைத்தேன். செடி என் உயரத்துக்கு வந்துவிட்டது. கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. ஒன்றுகூடப் பிஞ்சாகவில்லை. காம்பு மஞ்சளாகி, விரல் பட்டாலே உதிர்கிறது. உரம் போதவில்லையா?
(வாசகி, பாளையங்கோட்டை)

உரத்தைத் தொடாதீர்கள். ஆளுயரம் வளர்ந்து பூத்துக் குலுங்கும் செடிக்கு உரக்குறை இல்லை. இன்னும் தழைச்சத்து கொடுத்தால் இன்னும் இலைதான் வரும்.

குறை இரவில் இருக்கிறது. தக்காளிப் பூ பிஞ்சாக, பகல் வெப்பம் 30 டிகிரியைச் சுற்றியும் இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள்ளும் இருந்தால் உத்தமம். பகலில் 35-ஐத் தாண்டி, இரவிலும் 24, 25-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் உயிரற்றுப் போகும். பூ விரிந்த அன்று அடிக்கும் வெயில் மட்டும் காரணம் அல்ல. மகரந்தம் உருவாவது பூ விரிவதற்குப் பத்து நாள் முன்பு, மொட்டுக்குள்ளே. எனவே இன்று உதிரும் பூ, பத்து நாளைக்கு முந்தைய வெயிலுக்குத் தண்டம் கட்டுகிறது. நம் ஊர் நாட்டுத் தக்காளி இதை ஓரளவு தாங்கும். குளிர்நாட்டுப் பெரிய ரகங்கள் தாங்காது.

பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசி இரவே 26 டிகிரியை ஒட்டி நிற்கும். மார்கழியிலும் தையிலும்தான் 22 அளவுக்கு இறங்கும். நமக்குக் கிடைக்கிற குளிர் அவ்வளவே. ஆகவே பெரிய ரகம் பூக்க வேண்டிய நாளை முதலில் முடிவு செய்துகொண்டு, பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். ஐப்பசி பத்துத் தேதி வாக்கில் நாற்று விட்டால், கார்த்திகை பத்தில் நடலாம். மார்கழி நடுவில் முதல் கொத்து விரியும். அதன்பின் பிஞ்சு பழுக்க 50 முதல் 60 நாள். மாசி கடைசியில் பறிப்பு. பங்குனி வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஐப்பசியும் கார்த்திகையும் கொண்டல் மழைக் காலம் என்பதுதான் இதில் உள்ள ஒரே வம்பு. நாற்றுத் தட்டைத் திறந்தவெளியில் வைத்தால் ஒரே இரவு மழையில் தண்டு அழுகிச் சாயும். காலை வெயில் படும் தாழ்வாரத்தில் வையுங்கள். நட்ட பிறகு முதல் மூன்று வாரம், வளைத்த குச்சிகளின் மேல் பாலித்தீன் விரிப்பு தயாராக இருக்கட்டும். மழை வெறித்ததும் எடுத்துவிடுங்கள்.

இப்போது நிற்கும் செடியைப் பிடுங்க வேண்டாம். இலைச்சுருட்டல், தேமல் எதுவும் இல்லாமல் சுத்தமாக இருந்தால், ஐப்பசி கடைசியில் இலைக் கவட்டில் வரும் குருத்துகளில் ஒரு சாண் நீளத்துக்கு நாலைந்து நறுக்குங்கள். பூமொட்டையும் அடி இலைகளையும் கிள்ளிவிட்டு, ஈரத் தென்னை நார்க்கழிவில் செருகி நிழலில் வைத்தால் பத்து நாளில் வேர் பிடிக்கும். விதைக் காசு மிச்சம். செடியும் அதே ரகம்.

*

மூன்று கிலோ, நாலு கிலோ என்றெல்லாம் படம் வருகிறதே, உண்மையா? நம் ஊரில் எவ்வளவு வரும்?
(வாசகர், திசையன்விளை)

உண்மைதான். 1986-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கார்டன் கிரஹாம் என்பவர் டெலிசியஸ் என்ற ரகத்தில் 3.51 கிலோ பழம் எடுத்தார். அந்தச் சாதனையை முறியடிக்க 2014 வரை ஆனது. 2020-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பழம் 4.896 கிலோ நின்றது. ஆனால் அங்கே கோடைப் பகல் 15 மணி நேரம் நீளும். இரவு சில்லென்று இறங்கும். நமக்கு மார்கழிப் பகல் பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை.

தாமிரபரணிக் கரையில், பருவம் தப்பாமல் வைத்தால் 300 முதல் 400 கிராம் வரை எதிர்பார்க்கலாம். அரைக் கிலோ வந்தால் தெருவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கிலோக் கணக்கை விட்டுவிடுங்கள்.

ரகம் தேர்வதில் ஒரு வார்த்தை. பிராண்டிவைன் என்ற பழைய ரகம் ருசிக்குப் பேர்போனது. ஆனால் வெக்கையில் பிஞ்சு நிற்காது. அதைவிடச் சிறிய பழம் தந்தாலும் வெயில் தாங்கும் ஆர்கன்சாஸ் டிராவலர் போன்றவை நமக்கு மேல்.

*

வளவு வீடு, மண் தரை கிடையாது. தட்டட்டியில் (மொட்டை மாடியில்) பை வைத்துத்தான் வளர்க்க வேண்டும். எவ்வளவு பெரிய பை? வயலில் இருந்து கரிசல் மண் கொண்டுவந்து போடலாமா?
(வாசகி, பேட்டை)

15 அங்குல விட்டம், 15 அங்குல உயரம் உள்ள பை. 40 லிட்டர் கொள்ளும். ஒரு பைக்கு ஒரு செடி. இரண்டாவது செடிக்கு ஆசைப்பட்டால் இரண்டிலும் எலுமிச்சை அளவுப் பழம்தான். தண்ணீர் குடித்த பை 40 கிலோவைத் தாண்டியும் கனக்கும். தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்திரமோ ஓடும் ஓரமாக வரிசையிடுங்கள்.

கரிசலை மட்டும் நிரப்பாதீர்கள். வயலில் பொன்னாக விளையும் அந்த மண், பைக்குள் நனைந்தால் களிம்பாகி வேரை மூச்சுத் திணற வைக்கும். காய்ந்தால் சுருங்கிப் பையின் ஓரத்தில் விரிசல் விடும். ஊற்றும் தண்ணீர் அந்த விரிசல் வழியே நேரே வாருகாலுக்குப் போய்விடும். செம்மண் அல்லது ஆற்றோர வண்டல் இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, நார்க்கழிவும் அரிசி ஆலை உமிக்கரியும் சேர்ந்து ஒரு பங்கு. பைக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியாமல் போடக்கூடாது. அதில் உப்பு இருக்கும். கரிசல்தான் கிடைக்கிறது என்றால் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டு, ஆற்று மணலைக் கூட்டுங்கள்.

இன்னொன்று. பகலெல்லாம் சூடேறிய தளம் இரவு முழுக்க அந்தச் சூட்டைக் கக்கும். நாம் தேடுவதே இரவுக் குளிர்ச்சி. பைகளைத் தளத்தில் உட்காரவைக்காமல், செங்கல் மேல் பலகை போட்டு ஒரு சாண் தூக்கி வையுங்கள்.

நாற்றை நடும்போது அடியிலைகளைக் கிள்ளி, முதல் நல்ல இலைவரை தண்டு புதையும்படி நடுங்கள். புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். தண்ணீர் மார்கழியில் நாளுக்கு இரண்டு லிட்டர், மாசியில் நாலு லிட்டரை நெருங்கும். அதைக் காலை, மாலை எனப் பிரித்து ஊற்றுங்கள்.

*

செடியில் இருபது காய் நிற்கிறது. எல்லாம் சின்னது. பெரிதாக்க என்ன செய்ய? சில பூ மட்டும் அகலமாக, இரண்டு மூன்று ஒட்டினாற்போல வருகிறது. அதைக் கிள்ளிவிட வேண்டுமா?
(வாசகர், கல்லிடைக்குறிச்சி)

அந்த ஒட்டுப் பூதான் உங்கள் பெரிய பழம். கிள்ளிவிடாதீர்கள்.

காட்டுத் தக்காளியில் பழத்துக்குள் இரண்டே அறைகள். பெரிய ரகங்களில் எட்டு, பத்து என்று அறைகள் கூடும். பூவிலேயே இது தெரியும். சாதாரணத் தக்காளிப் பூவுக்கு ஐந்தாறு இதழ். பத்துக்கு மேல் இதழும், தடித்த காம்பும், நடுவில் நாடா மாதிரி தட்டையான சூல்தண்டும் இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட சூலகங்கள் ஒட்டிப் பிறந்த பூ. உலக எடைச் சாதனைப் பழங்கள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவைதான். பழம் கோணல்மாணலாக, அடியில் தழும்போடு இருக்கும். எடை வேண்டும் என்பவர் அழகை எதிர்பார்க்கக்கூடாது.

முதல் கொத்தின் மொட்டுகள், நாற்றில் இரண்டு மூன்று இலை இருக்கும்போதே உள்ளே உருவாகத் தொடங்கிவிடும். அந்தப் பருவத்தில் குளிர் பட்டால் ஒட்டுப் பூக்கள் கூடும். மலையடிவாரத்தில் இருக்கிற உங்களுக்கு அது பாளையங்கோட்டைக்காரர்களைவிடச் சுலபமாக அமையும்.

இனி காய் எண்ணிக்கை. ஒரு தண்டு, அல்லது அதிகம் போனால் இரண்டு. மற்றக் கவட்டுக் குருத்துகளை விரல் நீளத்துக்குள் கிள்ளுங்கள்; கத்தி வேண்டாம். பூ விரிந்த கொத்தைக் காலை ஒன்பது மணிக்கு மேல் விரலால் இரண்டு தட்டு தட்டினால் மகரந்தம் கொட்டும். பிஞ்சு கோலிக்குண்டு அளவு ஆனதும் கொத்துக்கு ஒன்று வைத்து மற்றதை எடுத்துவிடுங்கள். எடைதான் முக்கியம் என்றால் செடிக்கு மொத்தம் மூன்று பழம். சாப்பிடவும் வேண்டும் என்றால் எட்டு. இருபதுக்கும் ஒரே வேர்தான் சோறு போட வேண்டும்.

இலையைக் கழிப்பதில் தாராளம் காட்டாதீர்கள். வெளிநாட்டுப் படங்களில் பழத்தைச் சுற்றி மொட்டையடித்திருப்பார்கள். நம் மாசி வெயிலில் அப்படிச் செய்தால் பழத்தின் தோள் வெளுத்து, கொப்புளம்போல வெந்துவிடும். தரையைத் தொடும் இலைகளை மட்டும் எடுங்கள். ஆறடிச் சவுக்குக் கம்பு ஊன்றி, பழைய வேட்டிக் கிழிசலால் எட்டுப் போலத் தளர்த்திக் கட்டுங்கள். 200 கிராமைத் தாண்டிய பழத்துக்கு வலைப்பையில் தொட்டில் கட்டி, அதையும் கம்போடு சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கொத்துக் காம்பு மடங்கி, சத்துப் பாதை அடைபடும்.

பழம் இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்கலாம். வெப்பம் 30-ஐத் தாண்டினால் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. பங்குனியில் செடியிலேயே விட்ட பழம் ஆரஞ்சு நிறத்தோடு நின்றுபோவது அதனால்தான்.

*

காயின் அடியில் கறுப்பாகத் தோல்போலக் காய்கிறது. முட்டை ஓடு பொடித்துப் போட்டேன், சுண்ணாம்புத் தெளிநீரும் ஊற்றினேன். நிற்கவில்லை.
(வாசகர், ராதாபுரம்)

இது நோய் அல்ல. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வரும் கோளாறு. மண்ணில் சத்து இல்லாமல் வருவது குறைவு. அதைச் சுமந்து செல்லும் தண்ணீர் தடுமாறுவதே பெரும்பாலும் காரணம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றினால் வரும். உங்கள் பக்கம் மேல்காற்று இலையிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; வேர் எடுக்கும் நீரெல்லாம் இலைக்கே போய்விடும், காய்க்கு மிஞ்சாது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் வேர் நீரை எடுக்கவே திணறும். மூன்றும் சேர்ந்த இடம் உங்களுடையது.

முட்டை ஓடு கரைய மாதக்கணக்காகும். இந்தப் பருவத்துக்கு உதவாது. ஏற்கெனவே காரத் தன்மையுள்ள மண்ணில் சுண்ணாம்பு நீர் ஊற்றுவது வேறு சத்துகளையும் பூட்டிவிடும். நிறுத்துங்கள். பைக்கு 30 கிராம் ஜிப்சம் மண்ணில் கலந்து, மேலே நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் மூடாக்கு போடுங்கள். அளவு மாறாமல் தினமும் தண்ணீர். பிடித்துவைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அதைக் கலந்து ஊற்றுங்கள். மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டுங்கள். கறுத்த காய் திரும்ப நல்லதாகாது; பறித்துவிடுங்கள். அடுத்து வரும் காய்களைப் பாருங்கள்.

*

வீட்டில் பீடி சுற்றும் வேலை. தக்காளி இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டு விழுகிறது. குருத்து ஒல்லியாகிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை.
(வாசகி, முக்கூடல்)

கேள்வியிலேயே விடையைச் சொல்லிவிட்டீர்கள். புகையிலைத் தேமல் நச்சுயிரி காய்ந்த புகையிலையிலும் சாகாமல் இருக்கும். தக்காளியும் புகையிலையும் ஒரே குடும்பம். தூள் படிந்த விரலால் குருத்தைக் கிள்ளினால், கிள்ளிய காயம் வழியே உள்ளே போய்விடும். அடுத்த செடியைத் தொட்டால் அதற்கும்.

திட்டு விழுந்த செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். குணப்படுத்த மருந்து கிடையாது. மீதிச் செடிகளைத் தொடும் முன் சோப்பு போட்டு முழங்கைவரை கழுவுங்கள். கொழுப்பு நீக்கிய பால்பொடியை 100 மில்லி தண்ணீருக்கு 20 கிராம் கரைத்து, அதில் விரலையும் கத்தரியையும் நனைத்து வேலை செய்தால் நச்சுயிரி முடங்கும். தோட்ட வேலையைக் காலையில், பீடித் தட்டை மடியில் வைப்பதற்கு முன்பே முடித்துவிடுவது எல்லாவற்றிலும் எளிது. நோய் வந்த செடியில் விதை எடுக்கவே கூடாது. நச்சுயிரி விதைத்தோலில் ஒட்டிக்கொண்டு அடுத்த வருடமும் வரும்.

குழம்பக்கூடிய இரண்டு உண்டு. இலை மேல்நோக்கிக் கிண்ணம்போலச் சுருண்டு, ஓரம் மஞ்சளித்துச் செடி குன்றினால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டல். நாற்றுப் பருவத்தில் நைலான் வலைக்குள் வளர்ப்பதும், மஞ்சள் ஒட்டுப்பொறியும் அதற்குக் காப்பு. பக்கத்து நெல் வயலில் களைக்கொல்லி அடித்த மறுவாரமே எல்லாச் செடியின் குருத்தும் ஒரே நாளில் முறுக்கிக் கொண்டால், அது காற்றில் வந்த மருந்து.

*

பாவூர்ச்சத்திரம் சந்தையில் வாங்கிய பழம் ஒன்று நல்ல பெரிது. அதன் விதையைப் போட்டால் அதே மாதிரி வருமா?
(வாசகர், சங்கரன்கோவில்)

முளைக்கும். அதே மாதிரி வராது. சந்தைக்கு வரும் பெரிய, கெட்டியான பழம் அநேகமாக வீரிய ஒட்டு ரகம். இரண்டு வேறு தாய் தந்தையின் முதல் தலைமுறை அது. அதன் விதையில் குணங்கள் பிரிந்துவிடும். இருபது செடி வைத்தால் இருபதும் ஒவ்வொரு விதம். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போல மூன்று நோய் தாங்கும் ஒட்டு ரகத்திலும், அடுத்த தலைமுறைச் செடிகள் எல்லாவற்றுக்கும் மூன்று தாங்குதிறனும் சேர்ந்து வராது. பெரியகுளத்தில் வெளியான பி.கே.எம். 1 போன்ற ரகங்களில் இந்தச் சிக்கல் இல்லை. விதை தாயைப் போலவே வரும். பாக்கெட்டில் எஃப் 1 என்று இருந்தால் அது ஒட்டு ரகம்; விதை எடுக்க நினைப்பவர்கள் அதைத் தவிருங்கள்.

*

விதை எடுக்கப் பழக்கூழை டம்ளரில் புளிக்க வைத்தேன். நாலாம் நாள் பார்த்தால் விதை உள்ளேயே முளைவிட்டிருந்தது. இரண்டாம் முறை செய்தித்தாளில் காயவைத்தேன், ஒட்டிக்கொண்டது. சரியான முறை என்ன?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

நாலு நாள் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெக்கையில் 24 முதல் 36 மணி நேரம் போதும். மார்கழியாக இருந்தால் இரண்டு நாள். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்புக்குள் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் காப்பது அதுதான். புளிப்பு அந்த வழவழப்பைக் கரைக்கிறது. கரைந்த பிறகும் தண்ணீரிலேயே விட்டால், விதை தன்னை மண்ணில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

விதைக்குப் பழத்தை அல்ல, செடியைத் தேர்ந்தெடுங்கள். இது பலர் தவறவிடும் இடம். ஒரு செடியில் ஒட்டுப் பூவில் வந்த அரைக் கிலோ பழமும், அதே செடியில் வந்த 200 கிராம் பழமும் விதைக்குணத்தில் ஒன்றுதான். பூ உதிராமல் பிஞ்சு நின்ற செடி, நோய் அண்டாத செடி, அடிக்கறுப்பு குறைந்த செடி எது என்று தையிலேயே பார்த்துச் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். பெரிய ரகங்களில் சிலவற்றுக்குச் சூல்தண்டின் நுனியான சூல்முடி, அதைச் சுற்றியுள்ள மஞ்சள் மகரந்தக் குழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கருவண்டு வந்து வேறு செடியின் மகரந்தத்தைத் தடவிவிடும். எனவே விதைக்கென்று ஒரு கொத்தை, மொட்டாக இருக்கும்போதே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் நூல் கட்டினால் போதும்.

பழம் முழுக்கப் பழுத்து, தொட்டால் மெத்தென்று ஆகட்டும். குறுக்கே வெட்டினால் எல்லா அறையும் திறக்கும். விதையையும் கூழையும் கண்ணாடி டம்ளரில் பிழிந்து, கால் பங்கு மட்டும் தண்ணீர் சேருங்கள். தண்ணீர் கூடினால் புளிப்பு தாமதமாகும், முளைவிடும். துணியால் வாய்கட்டி நிழலில் வைத்து, காலை மாலை கிளறுங்கள். மேலே வெள்ளை ஆடை படிந்து, வாடையும் வரும். ஒரு விதையை விரலில் தேய்த்துப் பாருங்கள். வழுக்காமல் சொரசொரவென்று இருந்தால் நேரம் வந்துவிட்டது.

டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும். பதரும் தோலும் மிதக்கும். மிதப்பதைச் சாய்த்து ஊற்றிவிட்டு, மூன்று நாலு முறை கழுவி டீ வடிகட்டியில் வடியுங்கள். அடிப்பாகத்தைத் துணியில் ஒற்றிவிட்டுப் பீங்கான் தட்டிலோ எவர்சில்வர் தட்டிலோ பரப்புங்கள். காகிதமும் துணியும் ஒட்டும். முதல் நாள் மணிக்கொருமுறை விரலால் புரட்டாவிட்டால் கட்டி கட்டியாகிவிடும். நிழலில், காற்றாடிக்குக் கீழே ஏழு நாள். மத்தியான வெயிலில் தளத்தில் காயவைப்பவர்கள் விதையை வறுக்கிறார்கள். காய்ந்ததா என்று அறிய ஒரு விதையை நகத்தால் மடக்குங்கள். ஒடிந்தால் சரி, வளைந்தால் இன்னும் இரண்டு நாள்.

அம்பையில் சாரல் காலத்து ஈரம் பெரிய எதிரி. அரிசியை லேசாகச் சிவக்க வறுத்து, முழுக்க ஆறியதும் கண்ணாடிப் புட்டியில் பாதி நிரப்பி, அதன்மேல் விதையைக் காகிதப் பொட்டலமாக வைத்து மூடுங்கள். ஒரு வாரத்தில் மீதி ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். பிறகு அரிசியை எடுத்துவிட்டு, ரகத்தின் பெயரும் வருடமும் எழுதிய பொட்டலத்தைச் சிறிய புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். நாலைந்து வருடம் கெடாது. வெளியே எடுத்ததும் திறக்கக்கூடாது. புட்டியின் குளிர் போகட்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும்.

ஐப்பசிக்கு முன்னால், புரட்டாசியில் 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பாருங்கள். ஏழு நாளில் 16 முளைத்தால் நல்ல விதை. பத்துக்குக் கீழே என்றால் புதிது தேடுங்கள்.

*

எங்கள் ஆச்சி பழத்தை அப்படியே பிசைந்து, சாணிச் சாம்பலில் புரட்டிப் புறவாசல் சுவரில் அப்பிவிடுவார்கள். மறுவருடம் உதிர்த்து விதைப்பார்கள். அது தப்பான முறையா?
(வாசகர், நாங்குநேரி)

தப்பில்லை. சாம்பல் ஈரத்தை வேகமாக உறிஞ்சும், பூச்சியும் அண்டாது. ஒரு வருடத்துக்குத் தாங்கும். குறை என்னவென்றால் பழக்கூழோடு ஒட்டியிருக்கும் நோய்க்கிருமி அப்படியே தங்கிவிடும். புளிக்க வைத்தால் அதில் ஒரு பகுதி போய்விடும். சலித்த சாம்பலாகவும், மழைச் சாரல் படாத சுவராகவும் இருந்தால் நாட்டுத் தக்காளிக்கு ஆச்சி முறையே தாராளம். ஒரு பழத்தில் சொற்ப விதையே தரும் பெரிய ரகங்களுக்கு வேண்டாம். அவற்றில் ஒரு விதை வீணானாலும் வலிக்கும்.

*

பெரிய தக்காளியின் அளவும், நம் ஊர்த் தக்காளியின் தாங்குதிறனும் ஒரே செடியில் வர வழி உண்டா?
(வாசகர், சேரன்மகாதேவி)

உண்டு. ஏழெட்டு வருடப் பொறுமை வேண்டும். அமெரிக்காவில் மார்ட்கேஜ் லிஃப்டர் என்றொரு ரகம் இருக்கிறது. வாகனங்களின் ரேடியேட்டர் பழுதுபார்க்கும் ஒருவர் பல ரகங்களைச் சேர்த்துப் பல வருடம் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. 1940-களில் நாற்று ஒன்று ஒரு டாலருக்கு விற்று 6,000 டாலர் வீட்டுக் கடனை அடைத்தார் என்பதால் ரகத்துக்கே ‘அடமானம் தீர்த்தான்’ என்று பெயர் ஆனது.

மார்கழியில் பெரிய ரகச் செடியில், நாளை விரியும் என்று தெரிகிற மொட்டைத் தேர்ந்தெடுங்கள். இதழ் வெளிர்மஞ்சளாக, இன்னும் விரியாமல் இருக்க வேண்டும். முற்றும் விரிந்த பூவில் தன் மகரந்தம் ஏற்கெனவே விழுந்திருக்கும். கூர்மையான சாமணத்தால் இதழையும் மஞ்சள் குழலையும் சேர்த்துப் பைய உருவுங்கள். பச்சைச் சூல்தண்டு மட்டும் நிற்கும். பி.கே.எம். 1 செடியில் விரிந்த பூவைக் காலை பத்து மணிக்குப் பறித்து, கறுப்புத் தட்டில் தட்டினால் வெள்ளைத் தூள் தெரியும். அதைச் சூல்முடியில் தொட்டு வையுங்கள். மறுநாளும் ஒருமுறை. மூடிக் கட்டி, நூல் அடையாளம்.

அந்தப் பழத்தின் விதையில் வரும் முதல் தலைமுறையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழ அளவு இரண்டுக்கும் சரிபாதியில் வராது, சிறியதன் பக்கமே சாயும். 500 கிராமையும் 60 கிராமையும் சேர்த்தால் 170 கிராம் சுற்றி வரலாம். எல்லாச் செடியும் ஒன்றுபோல இருக்கும். ஆட்டம் இரண்டாம் தலைமுறையில்தான். இயன்றவரை கூடுதலாக, இருபது முப்பது செடியாவது வையுங்கள். இடம் இல்லையென்றால் நாலு வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுங்கள். வேண்டுமென்றே ஒன்றரை மாதம் தாமதமாக விதைத்து, மாசி வெக்கையில் பூக்க வையுங்கள். அதில் பிஞ்சு நிறுத்துகிற செடிகளில் பெரிய பழம் எதுவோ, அதில் மட்டும் விதை. இப்படி ஆறு, ஏழு தலைமுறை தேர்ந்தால் குணம் பெரும்பாலும் நிலைத்துவிடும். குருத்து நறுக்கி ஆடியிலும் ஒரு போகம் பார்த்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்பீர்கள். நறுக்குச் செடி தலைமுறை ஆகாது; விதைதான் ஆகும்.

*

மயில் வந்து பழத்தைக் கொத்திவிட்டுப் போகிறது.
(வாசகி, மானூர்)

செம்புள்ளி விழுந்ததும் வலைப்பையால் பழத்தை மூடுங்கள், அல்லது பறித்து உள்ளே பழுக்க வையுங்கள். மயிலுக்குச் சிவப்புத் தெரிய வரும்முன் நீங்கள் முந்த வேண்டும். வேறு எதுவும் செய்யக்கூடாது, அது பாதுகாக்கப்பட்ட பறவை.

*

இவ்வளவு பாடுபட்டு வளர்த்தால், ரசத்துக்கு ஆகுமா?
(வாசகி, திருநெல்வேலி நகரம்)

ஆகாது. தக்காளியின் புளிப்பு பெரும்பாலும் விதையைச் சுற்றியுள்ள கூழில் இருக்கிறது. பெரிய பழத்தில் சதை மிகுதி, கூழ் குறைவு. வட்டமாக அரிந்து, உப்பும் மிளகும் தூவிச் சாப்பிட அது. நாலு பை வைக்கிறவர்கள் ஒன்றில் நாட்டுத் தக்காளியே வைத்துக்கொள்ளுங்கள்.